கிளே பாரும் கார் பெயின்ட்டும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் காரைக் கழுவுவேன். கையிலிருக்கும் சிறிய களித்துண்டைக் கண்டதும் அயலவர்களும் உறவினர்களும் அருகில் வந்து விசாரிப்பார்கள். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஆகவே அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். முதற்கேள்விகள் எளியவை, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

இந்தக் கிளே பார் என்பது என்ன? களிமண்ணையா காரில் தேய்க்கிறீர்கள்?

பெயரில்தான் களி இருக்கிறது, மண் இல்லை. இது, கழுவியும் போகாமல் பெயின்ட்டில் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுப்பதற்காகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட, பிசைந்தால் வளையும் ஒரு பொருள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய உராய்வுத் துகள்கள் சீராகக் கலக்கப்பட்டிருக்கும். ஜப்பானில், பெயின்ட் அடிக்கும்போது பக்கத்திலுள்ள பகுதிகளில் தூவானமாகப் படிந்துவிடும் பெயின்ட்டை அகற்றுவது போன்ற வேலைகளுக்காக உருவாகி, 1990களில் மற்ற நாடுகளுக்கும் பரவியது. அக்காலத்து அமெரிக்கக் காப்புரிமைப் பத்திரம் ஒன்றில் இதற்கு இடப்பட்ட தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நெகிழும் அரைகல்’ என்று வரும். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது மென்மையாக இருந்தாலும் அரைகல்தான். பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் அதனால்தான் சொல்லப்படுகின்றன.

ஒவ்வொரு கிழமையும் ஷாம்பு போட்டுக் கழுவுகிறேன். பிறகும் பொனட்டைத் தடவினால் மண்கடதாசி மாதிரி இருக்கிறதே, ஏன்?

கழுவினால் போவது, பெயின்ட்டின்மேல் சும்மா தங்கியிருக்கும் தூசியும் சேறும் மட்டுமே. பெயின்ட்டில் பதிந்து ஒட்டிக்கொண்டவை ஷாம்புக்கு அசைவதில்லை. கொழும்பில் அவ்வாறு ஒட்டுபவை பல: பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், வெயிலில் இளகிய தார், மர நிழலில் நிறுத்தியபோது சொட்டிய பிசின், பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து காற்றில் வந்த பெயின்ட் துளி, டீசல் புகைக் கரி.

மரைன் டிரைவ் பக்கம் காரை நிறுத்துபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியே தெகிவளைக்குச் செல்லும் கரையோரப் புகையிரதப் பாதை அந்த வீதியை ஒட்டியே ஓடுகிறது. புகையிரதச் சில்லும் தண்டவாளமும் பிரேக்கும் உரசும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் சூடாகத் தெறிக்கின்றன. கடற்காற்று அவற்றைக் கொண்டுவந்து பெயின்ட்டில் சேர்ப்பதோடு, தன்னிடமுள்ள உப்பாலும் ஈரத்தாலும் விரைவாகத் துருப்பிடிக்கவும் வைக்கிறது. உப்பென்றால் நீரில் கரைந்துவிடும், அதற்குக் கழுவுவதே போதும். இரும்புக்குத்தான் வேறு வழி பார்க்கவேண்டும்.

என் காருக்கு இது தேவையா இல்லையா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

காரைக் கழுவித் துடைத்த பிறகு, கையை ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குள் நுழைத்து விரல் நுனிகளால் பெயின்ட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சிறு மேடுகள்கூடப் பையினூடாகத் தெளிவாகத் தெரியும். கண்ணாடிபோல் வழுக்கிச் சென்றால் கிளே பார் தேவையில்லை, பையைக் கழற்றிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். நெருடினால் தேவை.

பொனட், கூரை, டிக்கி ஆகிய கிடையான பகுதிகளையும், பின்சில்லுகளுக்குப் பின்னாலுள்ள பகுதியையும் தனித்தனியே சோதியுங்கள். பெரும்பாலான கார்களில் கதவுகளின் மேற்பாதி துப்புரவாகவே இருக்கும். தேவையற்ற இடத்தில் தேய்ப்பதால் ஒரு நன்மையும் இல்லை.

சேர்விஸ் செய்யும் இடத்தில் ‘கட் அண்ட் பொலிஷ்’ போட்டால் எல்லாம் சரியாகும் என்றார்கள். அது போதாதா?

இந்தப் பக்கத்தை நான் எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். இன்றைய கார்களில் நிறப் பெயின்ட்டுக்கு மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பாதுகாப்புப் படலம் இருக்கிறது. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரைதான். நாம் எழுதும் சாதாரண ஏ4 தாளின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்ரோன். அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தையும் தாங்கி நிற்பது அந்த அரைத்தாள் அளவுப் படலம்தான். ‘கட் அண்ட் பொலிஷ்’ என்று கட்டிங் கொம்பவுண்ட் என்னும் உராய்வுப் பசையைப் போட்டு மெஷினால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பகுதி குறைகிறது, குறைந்தது மீண்டும் வளர்வதில்லை.

சொரசொரப்பு என்பது பெயின்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அழுக்கு. அதை அகற்றப் பெயின்ட்டையே அரைப்பது, சட்டையில் ஒட்டிய நாயுருவியை எடுக்கத் துணியைக் கத்தரிப்பது போன்றது. கிளே பார் துருத்தி நிற்பதை மட்டும் பிடித்திழுத்து அகற்றுகிறது. சரியாகப் பயன்படுத்தினால் கிளியர் கோட்டிலிருந்து அது எடுப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அழுக்கை அகற்றாமல் நேரே மெஷின் போட்டால் இன்னொரு கேடும் உண்டு: பெயர்ந்த இரும்புத் துகள் பொலிஷ் போடும் பஞ்சில் சிக்கி, சுழன்று சுழன்று புதிய கீறல்களை வரையும். பொலிஷ் தேவைப்படும் கார்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் களி, பிறகு கண்ணால் பார்த்துத் தேவையென்றால் மட்டும் பொலிஷ் என்பதே சரியான ஒழுங்கு.

அப்படியென்றால் கீறல்களும் இதில் போய்விடுமா?

போகாது. கீறல் என்பது பெயின்ட்டுக்குள் இறங்கிய பள்ளம். களி அகற்றுவது மேட்டை. வெயிலில் தெரியும் சிலந்திவலை போன்ற வட்டக் கோடுகளும் அவ்வாறே. அவற்றுக்குத்தான் மேலே சொன்ன பொலிஷ்.

என்னென்ன சாமான்கள் வாங்க வேண்டும்?

மென்மையான வகைக் கிளே பார் 100 கிராம் ஒன்று, அது பெயின்ட்டில் வழுக்கிச் செல்வதற்காகத் தெளிக்கும் மசகு நீர், கார் ஷாம்பு, இரண்டு வாளிகள், மைக்ரோஃபைபர் துவாய்கள் நான்கைந்து, இறுதியில் பாதுகாப்புக்காகப் பூச ஒரு வேக்ஸ் (மெழுகுப் பூச்சு). புகையிரதப் பாதைக்கு அருகில் வசிப்பவராயின் இரும்புத் தூள் கரைப்பானும் வேண்டும். பஞ்சிகாவத்தையிலும் கார் அலங்காரப் பொருட்கள் விற்கும் மற்றக் கடைகளிலும் இவற்றைத் தேடலாம்.

களி மென்மை, நடுத்தரம், கடினம் என வகைப்படும். நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், ஏனெனில் ஒரு நிறுவனத்தின் நீலம் மென்மையாகவும் இன்னொன்றின் நீலம் கடினமாகவும் இருக்கலாம். உறையில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வீட்டில் செய்பவருக்கு மென்மையானதைத் தவிர வேறெதுவும் தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து. நேரம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவே.

தம்பி, படிப்படியாகச் சொல்லும், நான் எழுதிக்கொள்கிறேன்.

காலை வேளையில், நிழலில், பொனட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். கொழும்பு வெயிலில் நின்ற காரில் மசகு நீர் தெளித்த சில நொடிகளிலேயே உலர்ந்துவிடும். முதலில் காரை நன்றாகக் கழுவுங்கள். ஒரு வாளியில் ஷாம்பு நீரும் மற்றதில் வெறும் நீரும் வைத்து, ஒவ்வொரு முறையும் கழுவும் துணியை வெறும் நீரில் அலசிய பிறகே ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். தார்ப் புள்ளிகள் இருந்தால் தார் அகற்றும் திரவத்தால் அவற்றை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பலர் மண்ணெண்ணெய் பயன்படுத்துகிறார்கள். அது தாரைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால் பிறகு மீண்டும் ஷாம்பு போட்டே ஆகவேண்டும்.

அடுத்து, களியிலிருந்து 40 அல்லது 50 கிராம் துண்டொன்றை வெட்டி, கைச்சூட்டில் பிசைந்து, மூன்று விரல்கள் பதியும் அளவுக்குத் தட்டையாக்குங்கள். முழுக் கட்டியையும் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். துண்டு கீழே விழுந்தால் மிச்சமாவது பிழைக்கும். ஒரு நேரத்தில் ஏறத்தாழ அரை மீற்றர் சதுரம் மட்டும் எடுத்துக்கொண்டு, பெயின்ட்டிலும் களியிலும் மசகு நீரைத் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக வழுக்கவிடுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். விரலின் பாரமே போதும், அழுத்தக்கூடாது. ஆரம்பத்தில் களி தடக்கித் தடக்கிச் செல்லும், ‘சர்சர்’ என்ற மெல்லிய ஓசையும் கேட்கும். ஓசை அடங்கிக் களி தானாக வழுக்கத் தொடங்கினால் அந்தச் சதுரம் முடிந்தது.

துவாயால் ஒற்றித் துடைத்து, பொலித்தீன் பையால் மீண்டும் தடவிப் பார்த்து, அடுத்த சதுரத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் களியின் முகத்தைப் பாருங்கள். அழுக்கு தெரிந்தால் உள்ளே மடித்துப் பிசைந்து புதுமுகம் எடுங்கள். கூரையும் பொனட்டும் முதலில், சில்லுகளுக்கு அருகிலுள்ள கீழ்ப்பகுதிகள் கடைசியில். எல்லாம் முடிந்ததும் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவி உலர்த்தி, வேக்ஸ் பூசுங்கள். வாகன்ஆர் அளவு காருக்கு, பழக்கமில்லாதவருக்கு முழுக் காலைப்பொழுதும் தேவைப்படும்.

வேக்ஸ் பூச நேரமில்லை. அடுத்த கிழமை பூசினால் போதாதா?

போதாது. களி, ஒட்டிய அழுக்குடன் பழைய வேக்ஸையும் பெரும்பாலும் எடுத்துச் சென்றுவிடும். அதன்பின் பெயின்ட் வெறுமையாக இருக்கிறது. அந்த ஒரு கிழமையில் விழும் காக எச்சமும் கடற்காற்றும் நேரே கிளியர் கோட்டைத் தொடும். அன்றைக்கு நேரம் குறைவென்றால் பொனட்டையும் கூரையையும் மட்டும் செய்து, அவற்றுக்கு மட்டும் வேக்ஸ் பூசி முடியுங்கள். பாதிக் காரை முழுமையாகச் செய்வது, முழுக் காரையும் பாதியில் விடுவதைவிட நல்லது.

மசகு நீர்ப் போத்தல் விலை அதிகம். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால் என்ன?

அது எண்ணெய்ப்பசையை வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. நமக்கு வேண்டியது வழுக்கும் தன்மை. சில வகைக் களிகளை அது இளக்கி உதிரச் செய்வதும் உண்டு. காருக்கென விற்கும் ஷாம்புவைச் சற்று அடர்த்தியாக நீரில் கலந்து தெளிப்புப் போத்தலில் நிரப்பினால் மலிவாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும். நான் பல தடவை அவ்வாறே செய்திருக்கிறேன். வெறும் நீர் வேண்டாம். நீர் வழுக்குவதுபோல் தோன்றினாலும் களி ஓரிடத்தில் ஒட்டி நிற்கும், அப்படி நின்ற இடத்தில் மங்கல் விழும்.

பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிசினும் இதே மாதிரித்தானே இருக்கிறது?

கைக்கு அப்படித் தோன்றும். ஆனால் பிளாஸ்டிசின் எண்ணெயும் மெழுகும் சுண்ணத் தூளும் சேர்ந்த கலவை. அது பெயின்ட்டில் எண்ணெய்த் தடத்தைப் பூசுமே தவிர ஒட்டிய இரும்பைப் பிடித்திழுக்காது. மண்பாண்டக் களிமண்ணில் மணல் துகள்கள் அளவு கணக்கின்றி இருக்கும், காரின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கை தவறிக் கீழே விழுந்துவிட்டது. நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். எறிந்துவிடுங்கள். களி மண்ணைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், கழுவினால் மேலே உள்ளது மட்டும்தான் போகும். சில ஆண்டுகளுக்கு முன் என் கையிலிருந்து விழுந்த துண்டொன்றைக் குழாயடியில் அலசி, மடித்துப் பிசைந்து, மணல் இல்லை என்று நம்பி அக்காவின் கறுப்பு அக்வா காரின் இடப்பக்க முன்கதவில் பயன்படுத்தினேன். ஒரே இழுப்பில் சாண் நீளத்துக்கு மூன்று கோடுகள் விழுந்தன. இரண்டைப் பொலிஷ் செய்து அகற்ற முடிந்தது. மூன்றாவது இன்றும் இருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கதவைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது. முழுக் கட்டியையும் எடுக்காதீர்கள் என்று முன்னே சொன்னதன் பின்னணி இதுதான்.

வெள்ளைக் காரில் தேய்த்தேன், களியில் வெள்ளை நிறம் ஒட்டியிருக்கிறது. பெயின்ட் கழன்றுவிட்டதா?

பழைய கார்களிலும், சில சாதாரண வெள்ளை, சிவப்பு நிறங்களிலும் கிளியர் கோட் இல்லாமல் நிறப் பெயின்ட்டே மேற்படையாக இருப்பதுண்டு. வெயிலில் பொடிந்த அதன் மேல்தோலே களியில் ஒட்டுகிறது. சிறிதளவு நிறம் வருவது பயப்படத்தக்கதல்ல. ஆனால் அழுத்தத்தைக் குறைத்து மசகு நீரைக் கூட்டுங்கள். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் வருமானால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் கிளியர் கோட் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள்.

வெள்ளைக் கதவு முழுக்கச் செம்மஞ்சள் நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள். கார் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதா, அண்ணா?

இப்படிக் கேட்பவர்களின் முகத்தில் உண்மையான கவலை தெரியும். பெரும்பாலான வேளைகளில் துருப்பிடிப்பது உங்கள் கார் அல்ல, அதில் வந்து ஒட்டிய இரும்புத் தூளே. துகள் துருவாக மாறும்போது பருத்து, கிளியர் கோட்டுக்குள் மெல்ல இறங்குகிறது. அதைச் சுற்றிச் செம்மஞ்சள் வட்டம் தோன்றுவது அப்போதுதான். வெள்ளையில் தெளிவாகத் தெரிகிறது; கறுப்பிலும் சாம்பலிலும் அதே அளவு இருந்தாலும் கண்ணுக்குப் படுவதில்லை.

இதற்கு நேரே களியை எடுக்காதீர்கள். இறங்கிய துகளின் தலையை மட்டும் களி சீவிவிட்டு, வேரை உள்ளேயே விடக்கூடும். முதலில் இரும்புத் தூள் கரைப்பானைத் தெளியுங்கள். அதிலுள்ள தயோகிளைகொலேட் என்னும் இரசாயனம் இரும்புடன் வினைபுரிந்து ஊதா நிறமாகும், கதவில் ஊதாக் கோடுகள் ஒழுகுவதைக் காணலாம். முடியைச் சுருளாக்கும் அழகுநிலையத் திரவத்திலும் இதே இரசாயனக் குடும்பம்தான் இருக்கிறது என்பதால் அந்தக் கடும் வாடை சிலருக்குப் பழக்கமாக இருக்கும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், உறையில் குறிப்பிட்ட சில நிமிடங்கள் மட்டும் வைத்து, உலரவிடாமல் கழுவிவிடுங்கள். அதன்பின் மிஞ்சியதைக் களி எளிதாக எடுத்துவிடும்.

உண்மையான துருவை எவ்வாறு அறிவது என்றால், அது பெயின்ட்டுக்குக் கீழிருந்து வரும். பெயின்ட் கொப்புளம்போல் எழும்பியிருக்கும், அல்லது கல் பட்டுத் தெறித்த இடத்தின் விளிம்பில் தோன்றும். அது களியின் எல்லைக்குள் இல்லை. டிங்கரிங் செய்பவரிடம் காட்ட வேண்டும்.

காக எச்சத்தின் அடையாளம் போகவில்லையே?

எச்சத்தை அகற்றிய பின்னும் தெரியும் மங்கலான வளையம், கிளியர் கோட்டையே அரித்த தழும்பு. கீறலைப் போல் அதுவும் பள்ளம்தான், ஆகவே களி உதவாது. வெயிலில் பெயின்ட் விரிந்தும் மாலையில் சுருங்கியும் எச்சத்தின் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது. சில மணித்தியாலங்கள் போதும். கண்ட உடனே நனைத்த கடதாசியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் தேய்க்காமல் தூக்கி எடுங்கள். கறுவாத்தோட்டத்துப் பெருமரங்களின்கீழ் காரை நிறுத்துபவர்கள் ஒரு நீர்ப்போத்தலையும் பழைய துவாயையும் காரிலேயே வைத்திருப்பது நல்லது.

யாழ்ப்பாணம் போய் வந்த பிறகு கார் முழுக்க வெள்ளை வட்டங்கள். களியால் தேய்த்தும் போகவில்லை.

யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அங்குள்ள கிணற்று நீரில் சுண்ணச்சத்து அதிகம். கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் விட்டால் நீர் ஆவியாகிச் சுண்ணம் மட்டும் வட்டமாகத் தங்கிவிடும். அதை உரசி எடுப்பதைவிடக் கரைத்து எடுப்பதே முறை. வினாகிரியையும் நீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, வட்டத்தின்மேல் ஓரிரு நிமிடம் வைத்து, நிறைய நீரால் கழுவுங்கள். வினாகிரி வேக்ஸையும் பாதிக்கும் என்பதால் பிறகு வேக்ஸ் பூச வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கழுவிய கையோடு துவாயால் துடைத்துவிடுங்கள்.

பக்கத்தில் மாடிக் கட்டடம் எழும்புகிறது. காரில் சீமெந்துத் துளிகளும் சுவர்ப் பெயின்ட் துளிகளும் விழுந்திருக்கின்றன. இரண்டுக்கும் களி போதுமா?

தூவானமாகப் படிந்த பெயின்ட்டுக்குப் போதும். களி பிறந்ததே அதற்காகத்தான். பொறுமையாக, மசகு நீர் குறையாமல் செய்யுங்கள். தடித்த துளிகளை மட்டும் விட்டுவிட்டு அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

சீமெந்து வேறு விடயம். அதில் மணல் இருக்கிறது. களியால் தேய்த்தால் சுண்ணம் உடைந்து மணல் களியில் ஏறும், பிறகு நீங்கள் மண்கடதாசியால் தேய்ப்பவராகிவிடுவீர்கள். நகத்தாலும் சுரண்ட வேண்டாம். முன்சொன்ன வினாகிரி நீரில் நனைத்த துணியைத் திரும்பத் திரும்ப வைத்து, இளகவிட்டு, நீரைப் பாய்ச்சி விழச்செய்ய வேண்டும். இளகாவிட்டால் சீமெந்து அகற்றும் திரவம் வைத்திருக்கும், காரைத் துப்புரவாக்கி மெருகூட்டும் டீட்டெய்லிங் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

முன்கண்ணாடி, லயிட், சில்லு, கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் போடலாமா?

முன்கண்ணாடியில் போடலாம், போடவும் வேண்டும். புதிய வைப்பர் மாற்றியும் மழையில் அது நடுங்கி ஓசையெழுப்பினால், கண்ணாடியில் ஒட்டிய படலமே பெரும்பாலும் காரணம். களி போட்ட பிறகு வரும் மாற்றம் தென்மேற்குப் பருவ மழையில் நன்றாகத் தெரியும். அலாய் சில்லுகளுக்குப் பழைய களியைப் பயன்படுத்துங்கள்; அந்தத் துண்டு மீண்டும் பெயின்ட்டுக்கு வரக்கூடாது. லயிட்டின் மஞ்சள் நிறம் பிளாஸ்டிக்கே வெயிலில் கெட்டதால் வருவது, களிக்குப் போகாது. சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் களி சிக்கி வெள்ளைத் தடமாக நின்றுவிடும், தவிர்த்துவிடுங்கள்.

செரமிக் கோட்டிங் போட்ட கார், ஸ்டிக்கர் ராப் ஒட்டிய கார், மேட் நிறக் கார்?

பளபளப்பில்லாத மேட் நிறத்தில் ஒருபோதும் வேண்டாம். உரசிய இடம் பளபளத்துவிடும், அதை மீட்க வழியில்லை. பெயின்ட்டின்மேல் கடினமாக இறுகும் பாதுகாப்புப் பூச்சான செரமிக் கோட்டிங்கில் முதலில் இரும்புத் தூள் கரைப்பான். அதன்பின்னும் நெருடினால் மட்டும் மிக மென்மையான களி. நீர் உருண்டு ஓடாததைக் கண்டு கோட்டிங் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அழுக்குப் படலம் மூடியிருந்தாலும் அப்படித்தான் தோன்றும். கரைப்பான் போட்டுக் கழுவியதும் நீர் மீண்டும் உருளக்கூடும். பளபளப்பான ராப்பில் விளிம்புகளைத் தொடாமல் மெதுவாகச் செய்யலாம்.

புதிதாக இறக்கிய காருக்கு எதற்கு? போன மாதம்தான் எடுத்தேன்.

உங்களுக்குப் புதிது. அந்தக் கார் ஜப்பானில் தரிப்பிடத்தில் நின்று, கப்பலில் கடலைக் கடந்து, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் திறந்த வெளியில் காத்திருந்து வந்திருக்கலாம். பொலித்தீன் பையால் தடவிப் பாருங்கள். பலருடைய புதிய கார்களில் நெருடலைக் கண்டிருக்கிறேன். கோட்டிங் போட எண்ணியிருந்தால், அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டாமலிருக்க, முதலில் களி கட்டாயம்.

இங்கே மறுபெயின்ட் அடித்த பகுதி மட்டும் விலக்கு. கராஜில் அடித்த பெயின்ட் வெளியே உலர்ந்தாலும் உள்ளே இறுக நாளெடுக்கும். பெரும்பாலும் 30 முதல் 90 நாட்கள் வரை பொறுக்கச் சொல்வார்கள்; அடித்தவரிடமே கேட்டு அதன்படி நடவுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம்?

நாட்காட்டியைப் பார்க்காமல் பொலித்தீன் பையைக் கேளுங்கள். மூடிய தரிப்பிடத்தில் நிற்கும் காருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை போதும். மரைன் டிரைவில் திறந்த வெளியில் நிற்பதற்கு இரண்டு தடவை தேவைப்படலாம். மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களின் காலைவேளையை நான் தெரிவுசெய்வேன். வேக்ஸ் தவறாமல் பூசினால் அடுத்த முறைக்கான வேலை பாதியாகும்.

கிளே துவாய், கிளே கையுறை என்று விற்கிறார்களே, அவை நல்லவையா?

துணியின் ஒருபக்கத்தில் ரப்பர் போன்ற படை ஒட்டப்பட்டிருக்கும். வேகமாக வேலை முடியும், கீழே விழுந்தாலும் அலசிப் பயன்படுத்தலாம், பல கார்களுக்கு உழைக்கும். எனினும் கட்டியைப் பிடித்த விரலுக்குத் தெரியும் நுட்பமான நெருடல் துவாயினூடாகத் தெரியாது. புதியதை முதலில் முன்கண்ணாடியில் சற்றுப் பழக்கிய பிறகே பெயின்ட்டில் வையுங்கள்.

எங்கள் தொடர்மாடியில் கார் கழுவக் குழாய் இல்லை. இரண்டு வாளி நீரில் முடியுமா?

முழுக் காரையும் ஒரே நாளில் செய்ய முடியாது. வெளியே கழுவித்துக்கொண்டு வந்து, அன்றே ஒரு பகுதியை மட்டும், உதாரணமாகப் பொனட்டை, ஷாம்பு நீர்த் தெளிப்பானால் செய்து, ஈரத் துவாயால் இரண்டு தடவை துடைத்து, வேக்ஸ் பூசுங்கள். அடுத்த வாரம் கூரை. வரும் வழியில் படிந்த தூசியை ஈரத் துவாயால் ஒற்றி எடுத்த பிறகே களியை வையுங்கள். கழுவாத காரில் களி போடுவது இந்தப் பக்கத்திலுள்ள எல்லாத் தவறுகளிலும் பெரியது.

மிஞ்சிய களியை எப்படி வைத்திருப்பது?

சிறிதளவு மசகு நீர் தெளித்து, வந்த பெட்டியிலேயே காற்றுப் புகாமல் மூடி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். காருக்குள் வைத்தால் வெயிற் சூட்டில் இளகிப் பிசினாகிவிடும். பிசைந்தால் வெடித்து உதிர்கிற களியும், எங்கு மடித்தாலும் கறுப்பே தெரிகிற களியும் தம் காலத்தை முடித்தவை.

சொன்னபடியே செய்தேன். கறுப்புக் காரில் மங்கலான நேர்கோடுகள் தெரிகின்றனவே?

சில ஜப்பானியக் கார்களின் கிளியர் கோட் மென்மையானது, கறுப்பு நிறம் எதையும் மறைக்காது. களி கடினமாக இருந்திருக்கலாம், மசகு நீர் குறைந்திருக்கலாம், அல்லது கை அழுத்தியிருக்கலாம். கோடுகள் மேலோட்டமானவை என்பதால் மென்மையான பொலிஷைக் கையால் போட்டாலே பெரும்பாலும் மறைந்துவிடும். கட்டிங் கொம்பவுண்ட் வேண்டாம். அடுத்த முறை டிக்கியின் மூலையில் ஓரடிச் சதுரத்தில் சோதித்து, வெயிலில் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குச் செல்லுங்கள்.

என் கார் பழையது. கூரையில் கிளியர் கோட் செதில் செதிலாக உரிகிறது. களி போட்டால் கொஞ்சமாவது நன்றாக வருமா?

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய காரையே பேணி வைத்திருந்தவர்கள் நம்மில் ஏராளம். அவர்களில் பலரும் இதையே கேட்கிறார்கள். உரியும் இடத்தில் களியை வைக்காதீர்கள். செதிலின் விளிம்பில் சிக்கி இன்னும் உரித்துவிடும். அந்தக் கூரைக்கு மறுபெயின்ட் ஒன்றே வழி.

ஆனால் கூரை போய்விட்டது என்பதற்காகக் கதவுகளையும் மெட்காட்டுகளையும் கைவிட வேண்டாம். நிலைக்குத்தான பகுதிகளில் வெயில் குறைவாகப் படுவதால் அங்கே கிளியர் கோட் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். உரியும் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி நாடா ஒட்டி எல்லை வகுத்துக்கொண்டு, மற்ற இடங்களில் மென்மையான களியும் வேக்ஸும் போடுங்கள். கூரைக்குப் பெயின்ட் அடிக்கும் நாளில் மற்றப் பகுதிகளையும் சேர்த்து அடிக்கவேண்டிய செலவு அதனால் மிச்சமாகும்.